யாருடைய தொகுப்பேடு?

மும்பையின் எளிய குடும்பங்களுக்குக் காகிதத்தின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. திலக் நகர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில், பீரோவின் அடித்தட்டிலோ பரணில் ஏற்றிய டிரங்குப் பெட்டியிலோ, ஒரு பிளாஸ்டிக் பை பத்திரமாக இருக்கும். ரேஷன் அட்டை, மஞ்சள் பூத்த மின்கட்டண ரசீது, வீட்டுவசதி வாரியத்தின் ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவை அதில் அடுக்கப்பட்டிருக்கும். குடிசைப் பகுதியிலிருந்து வந்த குடும்பமாயின், 1976 ஜனவரிக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து வழங்கப்பட்ட ‘போட்டோ பாஸ்’ ஒன்றும் இருக்கும். குடிசை மறுவாழ்வுக்குரிய தகுதித் தேதி 1995 ஜனவரி 1 என்றும், பின்னர் 2000 ஜனவரி 1 என்றும் மாறியபோதெல்லாம் அந்தப் பையே பலருக்கு வீட்டைத் தந்தது. பை இல்லாதவர் வீட்டை இழந்தார்.

கணக்கெடுப்பு நடந்த அதே 1976ஆம் ஆண்டின் மே மாதத்தில், நெருக்கடிநிலையின் நிழலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. தமிழர் பலர் உள்ளிட்ட ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். அந்தத் தலைமுறை கற்ற பாடம் எளியது: அரசிடம் இருக்கும் பதிவு அரசுக்கு உதவும், தன்னைக் காப்பது தன் கையில் இருக்கும் நகல்தான்.

இத்தனை கவனமாக ஆவணம் காக்கும் அதே வீட்டில், ஒரு குழந்தையின் எட்டாண்டுப் பள்ளி வாழ்க்கைக்குச் சான்றாக எஞ்சுவது என்ன? மதிப்பெண் தாள்கள் சில. பள்ளியை விட்டு விலகும்போது தரப்படும் ‘லீவிங் சர்ட்டிஃபிகேட்’ ஒன்று. அதில் பெயர், தாயின் பெயர், பிறந்த நாள், சாதி, விலகும் காரணம் எல்லாம் உண்டு. முன்னேற்றம் என்ற கட்டத்தில் ‘நன்று’, நடத்தை என்ற கட்டத்தில் ‘நன்று’. எட்டாண்டுக் கல்வி ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லும் பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே.

டிஜிட்டல் தொகுப்பேடு, அதாவது ‘போர்ட்ஃபோலியோ’, பற்றிய விவாதம் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். கருத்தரங்குகளில் அது தொழில்நுட்பப் புதுமையாக வருகிறது. கல்வித் துறைச் சுற்றறிக்கைகளில் பதிவேற்ற வேண்டிய இன்னொரு படிவமாக வருகிறது. இரண்டுமே அதன் பயனை மறைப்பவை. கற்றவரும் கற்பித்தவரும் தாம் செய்த வேலையைத் தாமே தேர்ந்தெடுத்து, அதைப் பற்றித் தம் சொற்களில் எழுதி, தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வதுதான் தொகுப்பேடு. அது அவர்களுடையதாக இருக்கும்வரை அதற்கு ஈடான கல்விக் கருவி வேறில்லை. அலுவலகத்தின் உடைமையான மறுகணமே அது வருகைப் பதிவேட்டின் தம்பியாகிவிடுகிறது.

முதலில் மாணவரை எடுத்துக்கொள்ளலாம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. உலகில் இப்படிச் செய்யும் மாநகராட்சிகள் அரிது. ஆனால் அப்பள்ளிகளில் பெரும்பாலானவை தொடக்க, உயர்தொடக்க நிலைகளோடு நின்றுவிடுகின்றன. எனவே தமிழ்வழியில் படித்த குழந்தை, பதின்மூன்று பதினான்கு வயதில், ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ தாவ நேர்கிறது. திலக் நகரின் பழைய வாரியக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாக எழும் இக்காலத்தில், வாடகைக்கு இருப்போர் வீடு மாறுகிறார்கள். வீட்டோடு பள்ளியும் மாறுகிறது. பக்கத்திலேயே உள்ள லோக்மான்ய திலக் முனையத்திலிருந்து கோவைக்கும் காரைக்காலுக்கும் புறப்படும் வண்டியில் ஏறி, ஊரோடு போய்விடும் குடும்பங்களும் உண்டு. அந்தக் குழந்தை தமிழ்நாட்டுப் பள்ளியில் மீண்டும் முதலிலிருந்து தன்னை நிறுவ வேண்டும்.

புதிய பள்ளியின் ஆசிரியர் முன் அந்தக் குழந்தை எதைக் காட்டும்? ஆங்கிலத்தில் வாக்கியம் தடுமாறும். உடனே ‘பின்தங்கியவர்’ என்ற முத்திரை விழும். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமான மராத்தியும், பாடத்தில் ஆங்கிலமுமாக நான்கு மொழிகளைக் கையாளும் குழந்தை அது. ராஜாவாடி மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் பாட்டி தமிழில் சொல்லும் நோவை மருத்துவருக்கு மராத்தியில் எடுத்துச் சொல்லக்கூடிய பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மொழிபெயர்ப்பியல் துறையில் முதுகலை மாணவர் முயன்று பெறும் திறன் அது. எந்த மதிப்பெண் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு தொகுப்பேட்டில் அது இடம்பெற முடியும். பாட்டி சொன்ன கதையின் ஒலிப்பதிவு. அதை அந்தக் குழந்தையே மராத்தியில் எழுதிய பக்கத்தின் படம். முதல் வரைவு, ஆசிரியர் சுழித்த இடம், திருத்திய வரைவு. ‘இந்தச் சொல்லுக்கு மராத்தியில் சொல் கிடைக்கவில்லை, அதனால் இப்படிச் சொன்னேன்’ என்று குழந்தை எழுதிய இரண்டு வரி. இந்த நான்கையும் பார்க்கும் ஆசிரியருக்குப் பத்து நிமிடத்தில் புரிவது, ஓராண்டுத் தேர்வுத் தாள்களில் புரியாது. மதிப்பெண் ஒரு நாளைக் காட்டும். வரைவுகளின் வரிசை வளர்ச்சியைக் காட்டும். மேலும், தன் பழைய வரைவைத் தானே திரும்பப் பார்க்கும் குழந்தை, தான் கற்றிருப்பதைத் தானே அறிகிறது. அந்த அறிவைப் பிறர் தர முடியாது.

இனி ஆசிரியர். தமிழ் மரபில் ஆசிரியரின் வேலைக்கு ஆவணம் எப்படி எஞ்சியது என்பதற்கு ஒரே சான்று போதும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவர் எப்படிப் பாடம் சொன்னார், எந்த மாணவரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதெல்லாம் இன்றைக்கும் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் செய்திகளைத் திரட்டி 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட சரித்திர நூல். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் மாணவர் நினைவில் அது வாழ்ந்தது. ஆனால் எத்தனை ஆசிரியருக்கு ஒரு சாமிநாதையர் வாய்ப்பார்? அந்த நூற்றாண்டின் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கானோர் தம் கைப்பக்குவத்தோடு மறைந்தார்கள். இன்றைய ஆசிரியரும் அப்படியே ஓய்வு பெறுகிறார். தெருவில் இந்தி பேசி வளரும் குழந்தைக்கு லகர ளகர ழகர வேறுபாட்டைக் காதில் ஏற்ற ஒருவர் முப்பது ஆண்டுகளில் கண்டறிந்த உத்திகள், அவருடைய பிரிவுபசார விழாவின் சால்வையோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. அடுத்து வரும் இளம் ஆசிரியர் அதே தவறுகளை முதலிலிருந்து செய்கிறார்.

மும்பையில் இந்த இழப்பு இன்னும் கடுமையானது. தமிழ்வழி ஆசிரியர் இங்கே எண்ணிக்கையில் சிறுபான்மை. நகரெங்கும் சிதறிக் கிடப்பவர். அவருடைய சூழலுக்கேற்ற பயிற்சி நூலைச் சென்னையும் எழுதவில்லை, புனேயும் எழுதவில்லை. ஒரு பாடம், அதில் குழந்தைகள் செய்த பிழை, அடுத்த வாரம் ஆசிரியர் மாற்றிக்கொண்ட முறை, அதன் விளைவு: இவ்வாறு ஆண்டுக்கு மூன்று நான்கு பாடங்களை ஒருவர் தொகுத்து வைத்தால், தாராவியில் உள்ளவர் செம்பூரில் உள்ளவரிடமிருந்து கற்க முடியும். ஆசிரியர்களின் டிஜிட்டல் தொகுப்பேட்டுக்கு இதைவிட வலுவான நியாயம் தேவையில்லை.

இவ்வளவு நன்மையுடைய ஒன்றை ஏன் போராடிக் கேட்க வேண்டும்? அரசின் கொள்கையிலேயே அது இருக்கிறதே என்று சிலர் கேட்பர். இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முழுமை நோக்கிய முன்னேற்ற அட்டையைப் பற்றிப் பேசும் இடத்தில் தொகுப்பேட்டையும் குறிப்பிடுகிறது. மாணவரின் சுயமதிப்பீட்டையும் சகமாணவர் மதிப்பீட்டையும் சேர்க்கச் சொல்கிறது. சொல் அழகாகவே இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் அழகான சொற்கள் வகுப்பறைக்கு வந்து சேரும்போது என்ன ஆகின்றன என்பதற்குச் சமீப வரலாறு உண்டு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மகாராஷ்டிரத்தில் அதன் ஒரு கூறாக, ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஆசிரியர் விவரக் குறிப்பு எழுத வேண்டும் என்றானது. மராத்தியில் ‘வர்ணனாத்மக் நோந்தி’ என்பார்கள். ஒரு குழந்தையை உற்று நோக்கி ஒரு வரி எழுதுவது உயர்ந்த செயல். நடந்தது வேறு. பாடவாரியாக, வகுப்புவாரியாக ஆயத்தக் குறிப்புகளின் பட்டியல்கள் இணையத்தில் மலிந்தன. ‘கவிதையை நயத்துடன் கூறுகிறார்’, ‘வகுப்பில் ஊக்கத்துடன் பங்கேற்கிறார்’ என்ற வகை வாக்கியங்களைப் பார்த்து எழுதும் வேலையாக அது சுருங்கியது. ஆசிரியர்களைப் பழிக்க இதில் ஒன்றுமில்லை. படிக்கப்படாத குறிப்பை யார் உள்ளன்போடு எழுதுவார்? அந்தப் பதிவேட்டைக் குழந்தை பார்க்கவில்லை, பெற்றோர் படிக்கவில்லை. பார்த்தவர் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவரே. அவரும் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதைப் படித்துச் சிரிக்க உரிமையற்றவை. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஏ.பி.ஐ. என்ற புள்ளிக் கணக்கைப் புகுத்தியது. ஆசிரியரின் கல்விப் பணி முழுவதும் புள்ளிகளாக மாறியது. பதவி உயர்வு புள்ளிகளைப் பின்தொடர்ந்தது. விளைவாக, காசு கொடுத்தால் கட்டுரை அச்சிடும் இதழ்கள் காளானாய் முளைத்தன. அவற்றைக் களைய 2018இல் ‘கேர்’ பட்டியல் அறிவிக்கப்பட்டது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. நாக் குழுவின் வருகைக்காக, நடந்த நிகழ்ச்சிகளுக்கும் நடக்காத நிகழ்ச்சிகளுக்கும் இடக்குறி பதித்த புகைப்படம் தேடி அலைந்த பேராசிரியர்களுக்கு, சான்று சேர்ப்பது ஒன்று, கற்பிப்பது வேறொன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. கல்வியியல் கல்லூரிகளில் பிறர் வரைந்து கொடுக்கும் ‘ரெக்கார்டு நோட்’டுக்கு ஒரு சந்தையே உண்டு. நாளை அதே சந்தை தொகுப்பேட்டையும் செய்து தரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டதால் இப்போது அதற்குக் காசுகூட வேண்டாம்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில், நான்காம், எட்டாம் வகுப்பு மாணவர்களின் எழுத்து, கணிதத் தொகுப்பேடுகளை மாநிலம் முழுவதும் மதிப்பிட்டு மதிப்பெண் வழங்க முற்பட்டது. டேனியல் கோரெட்ஸ் தலைமையில் ராண்ட் நிறுவனம் அதை ஆராய்ந்தது. ஒரே தொகுப்பேட்டுக்கு இரு ஆசிரியர் தந்த மதிப்பெண்கள், தொடக்க ஆண்டுகளில், நம்ப முடியாத அளவு வேறுபட்டன. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: தொகுப்பேட்டின் வரவால் கணித வகுப்புகளில் சிக்கல் தீர்க்கும் பயிற்சிக்கு ஆசிரியர்கள் கூடுதல் நேரம் ஒதுக்கத் தொடங்கியிருந்தனர். மதிப்பெண் கருவியாகத் தோற்ற அதே தொகுப்பேடு கற்பித்தலின் கருவியாக வென்றது. இவ்வளவு தெளிவான பாடம் கல்வி ஆய்வில் எளிதில் கிடைப்பதில்லை.

ஆசிரியர் தொகுப்பேட்டின் கதையும் அவ்வாறே. 1980களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் அதை ஆராய்ந்து பரப்பிய லீ ஷுல்மன், 1998இல் எழுதிய கட்டுரையில் அதன் ஆபத்துகளையும் தாமே வகுத்துரைத்தார். உள்ளடக்கத்தைவிட உறை பளபளக்கும். உழைப்பு பயனை விஞ்சும். அற்பச் செய்திகள் குவியும். மதிப்பீட்டுத் திட்டம் தொகுப்பேட்டையே திரித்துவிடும். ஒருவரது மிகச் சிறந்த நாள் அவரது அன்றாடமாகக் காட்சி தரும். அந்த அச்சம் மெய்யானது. அந்த ஆய்வு மரபில் வந்த ‘எட்டிபிஏ’ என்ற தேர்வு, வகுப்பறைக் காணொளியும் நீண்ட விளக்கவுரையும் கேட்டது. 300 டாலர் கட்டணமும் கேட்டது. நியூயார்க் மாநிலம் 2014இல் ஆசிரியர் உரிமத்துக்கு அதைக் கட்டாயமாக்கி, 2022இல் நீக்கியது.

இந்தியாவில் மேலும் ஓர் ஆபத்து சேர்கிறது. 2023 ஜனவரியில், ‘திக்ஷா’ தளத்தின் பாதுகாப்பற்ற சேமிப்பகம் ஒன்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியன திறந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. மாணவர் பல லட்சம் பேரின் விவரங்களும் அதில் இருந்தன. இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் ‘அபார்’ என்ற 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. ஒன்பது வயதில் ஒரு குழந்தை எழுதிய பிழைமலிந்த கட்டுரை, அதன்மேல் ஆசிரியர் எழுதிய சினமான குறிப்பு, பெற்றோரின் தொழில், சாதிக் கட்டம் ஆகியவை எல்லாம் ஓர் எண்ணில் கோக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடருமானால், அதைத் தொகுப்பேடு என்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாதிக் கொடுமைக்குத் தப்பித் தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அழிக்க முடியாத பதிவு என்பதன் பொருள் நன்றாகவே தெரியும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கை நாளன்று கொத்தாக நீட்டப்படும் படிவங்களின் அடியில் வாங்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்வது அச்சட்டத்தையே ஏளனம் செய்வதாகும்.

இத்தனையும் கண்ட முற்போக்கு அறிஞர் சிலர், தொகுப்பேடே வேண்டாம் என்ற முடிவுக்கு வருகின்றனர். கண்காணிப்பு, சந்தைமயம், தன்னைத் தானே விற்கும் பண்பாடு என்ற சொற்களால் அதை அடித்து ஒதுக்குகின்றனர். இந்த நிலைப்பாடு பார்வைக்குத் தீவிரமானது. விளைவில் பழமை காப்பது. ஏனெனில் தொகுப்பேட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவது மதிப்பெண் தாளும் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லும்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தொகுப்பேடு ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆலோசகர் வைத்து அதை மெருகூட்டுகிறார்கள். அந்த அறிஞர்களுக்கும் தத்தம் பக்கங்கள் உள்ளன. அவற்றில் கட்டுரைகள், உரைகள், காணொளிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. தமக்கு வேண்டியதைத் திலக் நகரின் குழந்தைக்கு வேண்டாம் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஆசிரியரின் வேலைச்சுமை என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. அதற்குக் கணக்கோடு விடை சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி உயர்தொடக்க வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 35 மாணவர். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் 350 நிமிடம், ஏறத்தாழ ஆறு மணி நேரம். மாதந்தோறும் இதை ஆசிரியரே தம் கைப்பேசியில், தம் தரவுக் கட்டணத்தில், இரவு வீட்டில் பதிவேற்ற வேண்டும் என்றால் அது சுரண்டல். அதை எதிர்க்கும் ஆசிரியர் சங்கங்களின் பக்கமே நியாயம். ஆனால் தேர்ந்தெடுப்பதும் படமெடுப்பதும் இரண்டு வரி எழுதுவதும் மாணவரின் வேலை; அதுதான் கற்றல். ஆசிரியரின் வேலை பருவத்துக்கு ஒருமுறை அதைப் படித்து, மாணவரோடு உட்கார்ந்து பேசுவது. அதற்குப் பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்க மனமில்லாத துறை, தொகுப்பேட்டைக் கேட்கக் கூடாது.

வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையும் மெய்யே. கருவியைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணியவர்களும் இங்கே உண்டு. மும்பை மாநகராட்சி 2015இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் ஏற்றிய ‘டேப்’ கருவிகளை வழங்கியது. 2018இல் மகாராஷ்டிரத்தின் எட்டாம் வகுப்புப் பாடநூலே மாறிவிட்டது. கருவிக்குள் பிறர் அடைத்துத் தரும் பாடம் மூன்றாண்டில் பழசாகிவிடும். குழந்தை தானே செய்த வேலைக்கு அந்த விதி பொருந்தாது. அதைச் சேர்க்கப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு கருவி போதும். எழுதுவதும் வரைவதும் காகிதத்திலேயே நடக்கட்டும். பருவ இறுதியில் தேர்ந்த ஐந்து வேலைகளை மட்டும் படமாக்கிச் சேர்க்கட்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடுமே என்ற ஐயத்துக்கும் விடை இங்கேயே உள்ளது: முடிந்த படைப்பை மட்டும் கேட்கும் தொகுப்பேட்டை இயந்திரம் எளிதில் ஏமாற்றும். கையெழுத்து வரைவுகளையும், ஆசிரியரோடு நிகழும் உரையாடலையும் மையமாகக் கொண்ட தொகுப்பேட்டில் ஏமாற்றுவதற்கு ஆதாயமே இல்லை, ஏனெனில் அங்கே மதிப்பெண் இல்லை.

ஆகவே தொகுப்பேடு வேண்டுமா என்ற கேள்வியைவிட, எந்த நிபந்தனைகளின் மேல் வேண்டும் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

முதல் நிபந்தனை உடைமை. தொகுப்பேட்டில் எது இருக்கும், யார் பார்ப்பார் என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். சிறு குழந்தையாயின் பெற்றோரும் சேர்ந்து. நீக்கும் உரிமையும் அதில் அடங்கும். பள்ளியை விட்டுப் போகும் நாளில் விலகல் சான்றிதழோடு முழு நகலும் கையில் தரப்பட வேண்டும். பள்ளியின் நகல் அழிக்கப்பட வேண்டும். ஆதார் எண், அபார் எண், சாதி, முகப்படம் ஆகிய எதுவும் அதனுள் நுழையக் கூடாது.

இரண்டாவது, மதிப்பெண் கூடாது. மாணவரின் தொகுப்பேட்டுக்குத் தரவரிசையும், ஆசிரியரின் தொகுப்பேட்டுக்குப் பணி மதிப்பீட்டுப் புள்ளியும் வந்த நாளிலேயே அவை பொய் சொல்லத் தொடங்கும். ஓர் ஆசிரியர் தாம் தோற்ற பாடத்தை அஞ்சாமல் எழுதி வைக்க முடியாத தொகுப்பேட்டினால் இன்னோர் ஆசிரியருக்கு எந்தப் பயனும் இல்லை. பதவி உயர்வுக்கு அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பமாகவே இருக்கட்டும்.

மூன்றாவது, வடிவம். தமிழ் உலகம் இதில் ஏற்கெனவே சூடு கண்டது. பாமினி, டாப், டாம், திஸ்கி என்று குறியீட்டுக்குக் குறியீடு மாறித் தட்டச்சு செய்த காலத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு உழைப்பு திரையில் புரியாத குறிகளாகச் சிதறிக் கிடக்கும். ஆசிரியர் பலர் வகுப்புப் பக்கங்கள் அமைத்திருந்த ‘விக்கிஸ்பேசஸ்’ 2018இல் கடையைக் கட்டியது. கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பிடம் தந்த கூகுள், 2022இல் அந்தச் சலுகையை முடித்துக்கொண்டது. இலவசமாக வாடகைக்கு இருப்பவர் எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்பதை மும்பைவாசிக்குச் சொல்ல வேண்டுமா? எனவே யூனிகோடில், எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்புகளாக, ஒரு பென்டிரைவில் அடங்கும் அளவில் தொகுப்பேடு இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் தொகுப்பேட்டுத் தளம் அமைக்க வேண்டுவோருக்கு நியூசிலாந்தில் 2006இல் தொடங்கிய ‘மஹாரா’ இருக்கிறது. அந்த மாவோரிச் சொல்லுக்கு எண்ணுதல், நினைவு என்று பொருள். தன் முயற்சியால் ஆவணம் காப்பது தமிழர்க்குப் புதிதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர் கையால் எழுந்தவை. யாழ் நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகம், பிறரிடம் ஒப்படைத்த நினைவு எத்தனை பலவீனமானது என்பதை நெருப்பின் வெளிச்சத்தில் கற்றது.

நான்காவது, அளவு. ஆண்டுக்கு ஐந்து வேலைகள் போதும். அவற்றுள் ஒன்றாவது தோல்வியாக இருக்கட்டும்; ஒன்றாவது தாய்மொழியில் இருக்கட்டும்; ஒன்றாவது பள்ளிக்கு வெளியே கற்றதாக இருக்கட்டும். எல்லாவற்றையும் சேர்ப்பவர் கிடங்கு வைத்திருக்கிறார். எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதுதான் கற்றவர் தம் கல்வியின்மேல் தீர்ப்பு சொல்கிறார். அந்தத் தீர்ப்பைச் சொல்லப் பழக்குவதே தொகுப்பேட்டின் தலையாய நோக்கம்.

இதற்குச் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செம்பூர் வட்டாரத்திலேயே டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தேவனாரில் இருக்கிறது. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மான்குர்டில் இருக்கிறது. திலக் நகரிலிருந்து இரண்டும் தொலைவில் இல்லை. கல்வியைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இந்த வட்டாரப் பள்ளிகளில் தரவு திரட்டுகின்றனர், நேர்காணல் எடுக்கின்றனர், குழந்தைகளின் வரைபடங்களைப் படமெடுத்துக்கொண்டு போகின்றனர். அந்தத் தரவு ஆய்வேட்டின் பின்னிணைப்பாகி நூலக அடுக்கில் உறங்குகிறது. வரைந்த குழந்தையின் கைக்கு ஒரு நகலும் திரும்புவதில்லை. அரசின் கண்காணிப்பைக் கண்டிக்கும் ஆய்வுலகம், முதலில் தன் கணக்கைத் தீர்க்கட்டும். ஒரு பள்ளியில் ஆய்வு செய்பவர், தாம் திரட்டிய ஒவ்வொன்றின் நகலையும் உரியவர் திறந்து பார்க்கக்கூடிய வடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை ஆய்வு நெறிக் குழுக்கள் நிபந்தனையாக்கட்டும். வழிகாட்டும் பேராசிரியர்கள் அதைக் கேட்டுப் பெறட்டும். அப்படித் திரும்பி வரும் முதல் நகலே அந்தக் குழந்தையின் தொகுப்பேட்டில் முதற்பக்கமாக அமையும்.